இரு லீலாவதியர்

1986ஆம் ஆண்டின் முற்பகுதி என நினைவு. பம்பலப்பிட்டித் தொடர்மாடியிலே எமது உறவினர் வீடொன்றில், வாடகைக்கு எடுத்துவந்த வீடியோக் கருவியிலே, முந்திய ஆண்டு வெளிவந்த ‘சின்ன வீடு’ திரைப்படம் காட்டப்பட்டது. சிறிய மண்டபம். ஆண்கள் முன்னே கதிரைகளிலும் பெண்கள் பின்னே குசினி வாசல்வரை விரித்த பாய்களிலும் அமர்ந்திருந்தனர். தன் மனத்திலே வரைந்துவைத்த அழகிக்குப் பதிலாகப் பருத்த உடலினளான மனைவியை வாய்க்கப்பெற்ற ஒருவன், வேறொருத்தியை நாடிச் சென்று, அவளால் ஏமாற்றப்பட்டு மனைவியிடம் மீளும் கதை அது. இயக்கி நடித்தவர் கே. பாக்கியராஜ். படத்தின் முற்பகுதியில் முன்வரிசை சிரித்தது. கணவனின் பொய்கள் ஒவ்வொன்றாக உடையத் தொடங்கியதும் சிரிப்புப் பின்வரிசைக்கு மாறியது. படம் முடிந்து விளக்குப் போட்டபின் எனது பெரியதாயார், “உவனை உவள் ஏன் திரும்ப உள்ளுக்கு விட்டவள்?” என்று கேட்டார். ஒருவரும் மறுமொழி கூறவில்லை. பெரியதகப்பனார் அரசாங்க லிகிதராய்ப் பதினெட்டு ஆண்டுகள் கொழும்பிலே அறையெடுத்துத் தனித்திருந்து, மாதம் ஒருமுறை இரவு மெயிலிலே ஊர் சென்று வந்தவர். அவர் தேநீர் கேட்டார்.

பெரியதாயாரின் வினா திரைப்படத்தோடு பிறந்ததன்று. மணமான ஆடவன் புறத்தே ஈர்க்கப்படுதலும், மீண்டு வந்து வாயிலிலே நிற்றலும், உள்ளே இருப்பவள் கதவைத் திறப்பதா விடுவதா என எண்ணுதலும் தமிழிலக்கியத்தின் மிகப் பழைய சூழ்நிலைகளுள் ஒன்று. மருதத்திணையின் உரிப்பொருளே அதுதான். ‘வாயில்’ என்ற சொல் வீட்டின் கதவிடத்தையும் தலைவனுக்காகத் தூது செல்பவரையும் ஒருங்கே குறித்தமை கவனிக்கற்பாலது. பாணன் ஒரு வாயில், விறலி ஒரு வாயில், தோழியும் வாயில், வேறெவரும் கைகொடாவிடின், பெற்ற புதல்வனே வாயில். வாயில் வேண்டலும் வாயில் மறுத்தலும் வாயில் நேர்தலும் துறைகளாகவே வகுக்கப்பட்டன. இத்துறைகளில் அமைந்த பாடல்களைத் துயரப் பாடல்களாக மட்டும் கற்பிக்கும் வழக்கம் எமது வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. அவற்றுட் பல நகைச்சுவைப் பாடல்கள் என்பதே யான் ஈண்டுக் கூற முனைவது. அந்நகை யாருடைய வாயில் இருந்தது, பின்னர் யாரிடம் சென்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

மருதக்கலியை எடுத்துக்கொள்வோம். மருதன் இளநாகனாருடையதாகக் கூறப்படும் இம்முப்பத்தைந்து பாடல்களையும் உள்ளடக்கிய கலித்தொகையை 1887இல் முதன்முதலில் அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இவற்றுள் தொண்ணூற்று மூன்றாம் பாடல் முதலாகச் சில பாடல்கள் ஒரே வேடிக்கையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. இரவெல்லாம் எங்கோ இருந்துவிட்டு வந்த கணவன் காரணம் சொல்ல வேண்டியவனாகின்றான். ஒரு பாட்டிலே கடவுளரோடு இருந்தேன் என்கின்றான். மற்றொன்றிலே குறும்பூழ்ப் போர் பார்க்கச் சென்றேன் என்கின்றான். பின்னுமொன்றிலே புதிய குதிரை ஏறினேன் என்றும், வேறொன்றிலே யானை காணப் போனேன் என்றும் கூறுகின்றான். மனைவி அப்பொய்யை மறுப்பதில்லை. அதனை அப்படியே ஏற்றுக்கொள்கின்றாள். அக்குதிரையை யானும் அறிவேன் என்று தொடங்கி, அதன் அணிகளையும் நடையையும் வருணித்துச் செல்லச் செல்ல, அது நான்கு காற் குதிரையன்று என்பது கணவனுக்கும் கேட்போருக்கும் விளங்கிவிடுகின்றது. குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட நேராக வாராது. பொய்யனின் பொய்யையே அவனுக்குரிய சிறையாகக் கட்டுகின்ற கூர்மை அது. தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களங்கள் நான்கனுள் முதலாவது எள்ளல். அவ்வெள்ளலின் தூய வடிவத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

புதல்வன் வரும் பாடல்கள் இன்னும் நுட்பமானவை. கோயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிறுவன் வழியிலே பரத்தையின் வீட்டில் தங்கி, அவள் அணிவித்த நகைகளோடு வீடு திரும்புகின்றான். தாய் மகனைக் கடிந்துகொள்ளும் பாவனையிலே தகப்பனைக் கடிகின்றாள். மேடை நாடகம் எழுதும் எவரும் இக்காட்சிக்கு ஆசைப்படுவர்.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. அப்பெண்ணின் சொல்லுக்கு எல்லை இருந்தது. எவ்வளவு எள்ளினாலும் இறுதியில் ஊடல் தணியவேண்டும் என்பது மரபு. கதவை என்றென்றைக்கும் அடைத்துவிட்ட தலைவியை அகத்திணை அறியாது. சொல்லின் வெற்றி அவளுக்கு, வீட்டின் வெற்றி அவனுக்கு என்ற உடன்பாட்டின் மீதே அந்நகை நின்றது. வள்ளுவர் புலவி நுணுக்கத்திலே பரத்தையையே அகற்றிவிட்டு, கணவன் தும்மினாலும் யாரோ நினைக்கிறாள் என ஐயுறும் மனைவியைப் படைத்துச் சிக்கலை இனிமையாக்கினார். பள்ளுப் பிரபந்தங்களோ மூத்த பள்ளியையும் இளைய பள்ளியையும் நேருக்கு நேர் நிறுத்தி ஏசவைத்தன. மூத்தவள் முறையிட, பள்ளன் தொழுவில் மாட்டப்படுவான். பின்னர் அவளே இரந்து அவனை விடுவிப்பாள். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு எமது மண்ணில் எழுந்த இத்தகைய பிரபந்தம். சபையிலே வாய்விட்டுச் சிரித்தவர்கள் வயலில் இறங்காதவர்களே என்பதையும் மறத்தலாகாது.

இனித் தலைப்பிற் சுட்டிய லீலாவதியரிடம் வருவோம். ‘சதி லீலாவதி’ என்னும் பெயரிலே தமிழில் இரண்டு திரைப்படங்கள் உள; ஒன்று 1936இலும் மற்றது 1995இலும் வந்தவை. கதையால் அவை வேறுபட்டவை. ஆயினும் இரண்டுமே தடம் தவறிய கணவனையும் வீட்டில் விடப்பட்ட மனைவியையும் பற்றியவை. இரண்டுக்கும் இலங்கையோடு ஒரு தொடர்பு உண்டு என்பதும் சுவையான செய்தி.

முதலாவது படத்தை எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கினார். கதை எஸ். எஸ். வாசனுடையது. இதே கதைப்போக்கினைக் கொண்ட ‘பதி பக்தி’ நாடகத்தாரோடு வழக்கு மூண்டபோது, இரண்டுக்கும் மூலம் திருமதி ஹென்றி வூட் 1860இல் எழுதிய ஆங்கில மதுவிலக்கு நாவலே என்பது வெளியாயிற்று. செல்வந்தனான கிருஷ்ணமூர்த்தி குடிக்கும் பிற பெண்ணின் மையலுக்கும் ஆளாகி, நண்பனைக் கொன்றுவிட்டதாகத் தவறாக நம்பி, இலங்கைக்குத் தப்பியோடித் தேயிலைத் தோட்டத்திலே கூலியாகின்றான். லீலாவதி வறுமையில் நூல் நூற்று வாழ்கின்றாள். கணவனின் பாவத்துக்குரிய கழுவாய்த் தலமாக எமது மலைநாடு அங்கே காட்டப்பட்டது. அப்படத்திலே சிறு வேடமொன்றில் முதன்முறை தோன்றிய எம். ஜி. இராமச்சந்திரன் அதே மலைநாட்டில், நாவலப்பிட்டியிலே பிறந்தவர் என்பது தற்செயலே.

எமது நோக்குக்கு முக்கியமான செய்தி பிறிதொன்று. இப்படத்திலேயே என். எஸ். கிருஷ்ணனும் திரைக்கு வந்தார். தமக்குரிய நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதிக்கொண்டார் என்பர். அஃதாவது, கணவனின் வழுவல் ஒரு தண்டவாளத்திலும் நகைச்சுவை வேறொரு தண்டவாளத்திலும் ஓடின. மருதக்கலியிலே ஒன்றாயிருந்தவை 1936இல் பிரிந்துவிட்டன. லீலாவதி எள்ளவில்லை, அழுதாள், காத்திருந்தாள், மன்னித்தாள். சீர்திருத்தக் காலத்துக்கு அப்படி ஒருத்தி தேவைப்பட்டாள் போலும். குடியும் பரத்தைமையும் நாட்டின் நோய்கள் எனப் பேசப்பட்ட நாளிலே அவற்றைப் பார்த்து மனைவி சிரிப்பது பொறுப்பின்மையாகத் தோன்றியிருக்கும். இந்த இழப்பை எமது நகைச்சுவை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் கருத்து.

பின்வந்த இருபது ஆண்டுகளில் சட்டம் கதையை மாற்றியது. சென்னை மாகாணத்திலே 1947இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும், 1949இல் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு இடமளித்த சட்டமும் வந்தன. 1955இல் இந்து விவாகச் சட்டம் அகில இந்தியாவுக்கும் அவ்விதியை ஆக்கிற்று. பரத்தை என்ற பாத்திரத்துக்குச் சமுதாயம் ஒதுக்கியிருந்த வீதி மறைந்தது. இனிக் கணவனை ஈர்ப்பவள் அலுவலகத்திலே பக்கத்து மேசையில் இருக்கும் படித்த பெண்ணாகவோ, பாடகியாகவோ, கட்டடக் கலைஞராகவோதான் இருத்தல் வேண்டும். இரண்டாம் மனைவி சட்டப்படி இல்லாதவளானாள். இல்லாத ஒருத்தியை மறைப்பதற்குக் கணவன் படும் பாடு நகைச்சுவைக்குத் தோதான பொருளாயிற்று. ‘சின்ன வீடு’ என்ற வழக்குச் சொல்லை ஒரு படத்தின் பெயராகச் சுவரொட்டியிலே துணிந்து போட முடிந்தமை இம்மாற்றத்தின் முற்றிய நிலை.

இலங்கையில் நிலைமை சற்று வேறு. இங்கே 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் முன்னரே ஒருதார மணத்தை விதித்திருந்தது. எமது கதையின் ஊற்று சட்டத்திலன்றிப் புகையிரதப் பாதையிலே இருந்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞன் கொழும்பிலே உத்தியோகம் பெறுவான்; சீதனத்தோடு ஊரிலே மணம் முடிப்பான்; மனைவி காணியையும் பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே தங்குவாள். அவன் பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்து, சாப்பாட்டுக் கடையிலே கணக்கு வைத்து, மணமான பிரமச்சாரியாய் ஆண்டுகளைக் கழிப்பான். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது இவ்வாழ்வைச் சுருக்கவில்லை. இன்னும் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக்கியது. சீதனமாய் வந்த காணி அவளுடையதே. ஆயினும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கணவனது எழுத்து மூலமான சம்மதமின்றி அதனை அவள் விற்க முடியாது. கதவு அவளுடையது, திறப்பு அவனுடையது எனலாம். கொழும்பிலே அவனுக்கு நேர்ந்த சபலங்கள் எத்தகையன என்பதைப் பதிவேடுகள் கூறா. அவை பற்றிய கேலி மட்டும் நிறைய இருந்தது.

அக்கேலிக்கு மேடை அமைத்தோருள் எமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரும் உளர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட நானாடகத்திலே ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ ஒன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி நகைப்புக்கு மட்டுமன்றி நாடகத்துக்கும் உரிய மொழி என அவர் காட்டியது பெரும் திருப்பம். இலங்கை வானொலி அவ்வழியை விரித்தது. எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகள்’ வானொலித் தொடரிலே முஸ்லிம் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் சிங்களம் கலந்த தமிழும் பிராமணத் தமிழும் ஒரே வீட்டில் மோதின; 1976இல் அது திரைப்படமுமாயிற்று. ஆயினும் பல்வேறு பேச்சு வழக்குகளின் மோதலே அதன் உயிர். இல்லறத்தின் உட்புறம் அங்கே இரண்டாம் பட்சமே.

1983 யூலை வன்செயலிலே கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரியூட்டப்பட்டது. படச்சுருள்களும் உடன் அழிந்தன. ஈழத்துத் தமிழ்த் திரைப்பட முயற்சி அத்தோடு ஏறத்தாழ நின்றது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் ரூபவாகினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. இரவுக் காட்சிக்குக் குடும்பத்தோடு செல்ல அஞ்சிய ஆண்டுகளில் கொழும்புத் தமிழரின் நகைச்சுவை தியேட்டரிலிருந்து வீட்டு மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது. இது வெறும் வசதி மாற்றமன்று. தியேட்டரிலே ஆணின் சபலத்தைப் பார்த்துச் சிரிப்பவனுக்கு இருட்டு உண்டு. வீட்டிலே மனைவி அவனது முகத்தைப் பார்க்கின்றாள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னே, அதே படம் வேறு படமாகிவிடுகின்றது. தொடக்கத்திற் கூறிய தொடர்மாடி மண்டபத்திலே நிகழ்ந்ததும் அதுவே.

இரண்டாம் லீலாவதியைப் படைத்தவர் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிலே 1939இல் பிறந்த பாலு மகேந்திரா. புனே திரைப்படக் கல்லூரிக்குச் செல்லுமுன் கொழும்பிலே அரசாங்கப் படவரைஞராகவும், வானொலி நாடகக் கலைஞராகவும், ‘தேனருவி’ சஞ்சிகையின் ஆசிரியராகவும் விளங்கியவர். ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்த உத்தியோகத்தரின் உலகத்தை அவர் உள்ளிருந்தே அறிந்தவர் என்பதற்கு இது போதும். ஒளிப்பதிவின் மேதையாகவே அவரைப் போற்றுகின்றோம். அவர் ஓரிடத்தை விட்டகலாமல் மூன்று முறை திரும்பி வந்தார் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ‘இரட்டை வால் குருவி’ (1987) தொலைக்காட்சி நிலையத்திலே பணிபுரியும் ஒருவன் இரு மனைவியரிடையே ஓடித் திரியும் நகைச்சுவை. ‘மறுபடியும்’ (1993), ஹிந்தி ‘அர்த்’தின் தமிழாக்கம், நடிகை ஒருத்தியை நாடிச் சென்ற கணவன் மீண்டு வரும்போது ரேவதி ஏற்ற மனைவி அவனைத் திரும்ப ஏற்க மறுக்கின்றாள். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் ‘சதி லீலாவதி’.

கமல்ஹாசன் தயாரித்து, கிரேசி மோகன் உரையாடல் எழுதிய இப்படத்திலே ரமேஷ் அரவிந்த் கணவன். ஹீரா கட்டடக் கலைஞரான காதலி. மனைவி லீலாவதியாகக் கல்பனா. ‘சின்ன வீடு’ படத்திலும் புறக்கணிக்கப்பட்ட மனைவியாக நடித்தவர் அதே கல்பனாவே. பத்தாண்டு இடைவெளியிலே இரு வேறு இயக்குநர்கள் ஒரே நடிகையின் ஒரே உடம்பை ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தனர். கதைச் சாயல் ஃபே வெல்டன் 1983இல் எழுதிய ஆங்கில நாவலினது. பிரித்தானியத் தொலைக்காட்சியிலே 1986இல் தொடராகவும், அமெரிக்காவிலே 1989இல் திரைப்படமாகவும் வந்த அந்நாவலில் மனைவி கொடூரமாகப் பழிவாங்குவாள். தமிழிலே அக்கொடூரம் கரைந்துபோயிற்று. கரைத்தவர் கிரேசி மோகன் என்றே கருதுகிறேன். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ முதலாகவே அவருடைய நகை, ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், அதனை மறைக்க வேறொன்று என்ற கணக்கில் ஏறுவது. அலுவல் என்று கூறிக் காதலியோடு பெங்களூர் செல்லும் கணவன், கோவைத் தமிழ் பேசும் வைத்தியரும் அவர் மனைவியும் பிள்ளையும் கூடவே வந்து சேர, படும் அவஸ்தை அக்கணக்கின் உச்சம். கமல்ஹாசனும் கோவை சரளாவும் அத்தம்பதியராக வந்து படத்தைத் தமதாக்கிக்கொண்டனர். முன்னைய படத்திலே பாக்கியராஜுக்குத் தாயாக நடித்தவர் சரளா என்பது நினைவுக்கு வரும்போது சிரிப்பு இரட்டிக்கின்றது.

குதிரை என்றும் குறும்பூழ் என்றும் சொன்னவனின் வழித்தோன்றலே பெங்களூரில் அலுவல் என்று சொன்னவன். பிள்ளைகளே மீட்சிக்குரிய வாயிலாதலும் பழைய முறையே. எள்ளல் மட்டும் மனைவியின் வாயில் இல்லை. கணவனின் பொய்யைக் கோமாளித்தனமாக்குபவர் வைத்தியர். லீலாவதி நல்லவளாக இருந்தாள். மருதக்கலித் தலைவி தானே செய்ததை இவளுக்காக ஓர் ஆண் செய்துதர வேண்டியிருந்தது. எனினும் ஒரு பெருமையை இப்படத்துக்கு மறுக்க முடியாது. 1999இல் இதனைத் தழுவிய ஹிந்திப் படமான ‘பீவி நம்பர் ஒன்’னிலே மனைவி அலங்கார மாதாக உருமாறிக் கணவனை மீட்கின்றாள். கல்பனாவோ இறுதிவரை அதே உடம்போடு அதே லீலாவதியாய் இருக்கின்றார். திருந்தவேண்டியது அவளது இடையளவன்று என்பதிலே பாலு மகேந்திரா உறுதியாக இருந்தார்.

‘மறுபடியும்’ நகைச்சுவைப் படமன்று, ஆக முடியாது. மனைவி கதவைத் திறக்க மறுத்த இடத்திலே தமிழில் நகை நின்றுவிடுகின்றது. மூன்று படங்களையும் ஒருவரே எடுத்தார் என்பதால் இவ்வெல்லை துலக்கமாகத் தெரிகின்றது: கணவன் திரும்ப ஏற்கப்படுவான் என்ற உறுதி முன்கூட்டியே இருந்தால்தான் எம்மால் சிரிக்க முடிகின்றது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய உடன்பாடு குலையவேயில்லை. இலங்கையில் மணவிலக்கு வேண்டும் பெண் பிறர்மனை நயத்தலையோ வன்மத்தோடு கைவிட்டமையையோ நீதிமன்றிலே நிறுவ வேண்டும். பிள்ளைகள், காணி, ஊர் வாய் என்பன அதன் பின்னர். திறக்க மறுப்பதற்குரிய விலை அத்தகையது என்பதை அறிந்தவர்களே பாயிலிருந்து சிரித்தனர்.

கவிதாலயா தயாரிக்க நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தொடர் பின்னர் வந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர். பிருதிவிராஜும் தேவதர்சினியும் நடித்த பகுதியிலே சச்சரவின் பொருள் பெரும்பாலும் அன்றாட அற்பங்களே. மனைவி வாய்க்கு வாய் பேசுகின்றாள். வாயிற் கதவிலே பாதி நின்ற நகை வீட்டினுள்ளே நடமாடத் தொடங்கியது தொலைக்காட்சியிலேதான். இத்தகைய தொடர்களை ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கொள்ளாத மனப்பான்மை எமது துறைகளிலே இன்னும் உண்டு.

பெரியதகப்பனார் இறந்தபின் பெரியதாயார் அத்தொடர்மாடி வீட்டிலேயே இருந்தார். ‘சதி லீலாவதி’யைத் தொலைக்காட்சியிலே பார்க்கும் வேளைகளில் நானும் சிலமுறை உடனிருந்தேன். வைத்தியர் வரும் காட்சிகளிலே கண்ணீர் வரச் சிரிப்பார். இறுதிக் காட்சிக்குச் சற்று முன்னர் எழுந்து, உலையில் அரிசி போடக் குசினிக்குப் போய்விடுவார்.